பெயருள்ள நாட்டார் பாடல்: சங்கரதாஸ் சுவாமிகளின் பாடல்களை வகைப்படுத்துவது குறித்து ஒரு கருத்துரை

சுருக்கம்

தூத்துக்குடியை அடுத்த காட்டுநாயக்கன்பட்டியில் பிறந்த தவத்திரு சங்கரதாஸ் சுவாமிகள் (1867-1922) தமிழ் நாடக வரலாற்றில் நாடகாசிரியராகவே அறியப்படுகிறார். அவருடைய பாடல்களோ நூறாண்டுக்கு மேலாகத் தென்மாவட்டத் திருவிழா மேடைகளில் வாய்மொழியாகப் பயிலப்பட்டும் மாற்றப்பட்டும் வழங்கி வருகின்றன. இயற்றியவர் பெயர் தெரிந்திருப்பதால் நாட்டார் வழக்காற்றியல் அவற்றை ஏற்கத் தயங்குகிறது. நடிகர்கள் மாற்றிப் பாடுவதால் இலக்கியப் பதிப்பியல் அம்மேடை வடிவங்களைப் பிழைபட்ட பாடம் எனத் தள்ளுகிறது. இவ்விரு தயக்கங்களுக்கும் இடையில் ஒரு பெரும் பாடல் மரபு பதிவின்றிக் கழிகிறது என்பதையும், ஆசிரியர் பெயர் உடைய பாடலும் நாட்டார் பாடலாக முடியும் என்பதையும் இக்கட்டுரை வலியுறுத்துகிறது.

திறவுச்சொற்கள்: சங்கரதாஸ் சுவாமிகள், ஸ்பெஷல் நாடகம், கதைப்பாடல், பாடவேறுபாடு, முத்துக்குளித்துறை, பல்பாடப் பதிப்பு.

முன்னுரை

நாட்டார் பாடலுக்கு வகுப்பறைகளில் சொல்லப்படும் இலக்கணம் பெரும்பாலும் மூன்று கூறுகளைக் கொண்டது. இயற்றியவர் பெயர் அறியப்படாமை, வாய்மொழியாகப் பரவுதல், பாடுவோர்தோறும் வேறுபடுதல் என்பன அவை. கி.வா. ஜகந்நாதனின் ‘மலையருவி’ (1958), நா. வானமாமலையின் ‘தமிழர் நாட்டுப் பாடல்கள்’ (1964) முதலிய தொகுப்புகள் வழியாக வளர்ந்த இத்துறை, ஏட்டில் ஏறாத பாடல்களை மீட்பதையே தன் முதற்கடமையாகக் கொண்டது. அக்காலத் தேவைக்கு அது பொருத்தமானதே. ஆயினும், அம்மூன்று கூறுகளில் முதலாவது நாளடைவில் நிபந்தனையாக இறுகிவிட்டது. ஒரு பாடலுக்கு ஆசிரியர் பெயர் கிடைத்துவிட்டால் அப்பாடல் நாட்டார் வழக்காற்றியலின் எல்லையைக் கடந்துவிட்டதாகக் கருதும் போக்கு அதனால் விளைந்தது.

இப்போக்கின் விளைவை முத்துக்குளித்துறை என வழங்கும் தூத்துக்குடிக் கடற்கரையில் தெளிவாகக் காணலாம். பரதவர் வலையிழுக்கும்போதும் தோணி தள்ளும்போதும் பாடிய அம்பாப் பாடல்கள் நாட்டார் வழக்காற்றியலுக்கு உரியவை ஆயின. எட்டயபுரத்தோடு தொடர்புடைய உமறுப்புலவரும் பாரதியும் இலக்கிய வரலாற்றுக்கு உரியவர் ஆயினர். இதே நிலப்பகுதியில் தோன்றிய சங்கரதாஸ் சுவாமிகள் இவ்விரு பகுப்பிலும் முழுமையாக அடங்கவில்லை. அவர் நாடக வரலாற்றில் ஓர் இயலுக்கு உரியவராக நின்றுவிட்டார். ‘தமிழ் நாடகத் தலைமையாசிரியர்’ என்னும் பட்டம் அவருக்குப் பெருமை சேர்த்தது உண்மை. அவருடைய பாடல்களை இன்றளவும் உயிரோடு வைத்திருக்கும் நடிகர்களை அப்பட்டம் ஆய்வாளர் பார்வையிலிருந்து மறைத்ததும் உண்மை.

உப்பளக் கணக்கும் சந்தப் பயிற்சியும்

சுவாமிகளின் இயற்பெயர் சங்கரன். தந்தையார் தாமோதரனார் இராமாயணப் புலவர் என மதிக்கப்பட்டவர். மகனுக்கு முதலாசிரியரும் அவரே. பின்னர்ப் பழனித் தண்டபாணி சுவாமிகளிடம் சங்கரன் தமிழ் பயின்றார். வண்ணச்சரபம் எனச் சிறப்பிக்கப்பெற்ற தண்டபாணி சுவாமிகள் (1839-1898) ‘வண்ணத்தியல்பு’, ‘அறுவகை இலக்கணம்’ ஆகிய நூல்களை இயற்றியவர். திருப்புகழ் மரபில் தோய்ந்தவர். சந்தத்தைச் செவியால் அளந்து சொல்லை அதில் அமர்த்தும் பயிற்சி இவ்வாசிரியரிடமிருந்து மாணவருக்கு வாய்த்தது. சுவாமிகளின் நாடகப் பாடல்களை நடிகர்கள் எழுத்தின் துணையின்றி நினைவில் நிறுத்த முடிவதற்கு இச்சந்தக் கட்டமைப்பே முதற்காரணம் எனலாம்.

கல்வி ஒருபுறமிருக்க, பிழைப்பு உப்பளத்தில் அமைந்தது. நாடகத்துறைக்கு வருமுன் அவர் உப்பு நிறுவனம் ஒன்றில் கணக்கராகப் பணியாற்றினார். அன்றைய தூத்துக்குடி விரைந்து மாறிக்கொண்டிருந்த ஊர். 1866இல் நகராட்சி அமைந்தது. 1876இல் இருப்புப்பாதை வந்து சேர்ந்தது. சென்னையிலிருந்து கொழும்புக்குச் செல்வோர் இத்துறைமுகத்தில் வந்து கப்பலேறினர். 1914இல் தனுஷ்கோடி வழி திறக்கும்வரை இலங்கைப் பயணத்தின் வாயில் இதுவே. உப்பு, பஞ்சு, முத்து, சங்கு ஆகியவற்றை நாடிப் பல ஊர்க் கூலியாட்களும் வணிகர்களும் இங்குக் கூடினர். சாதியாலும் சமயத்தாலும் தொழிலாலும் வேறுபட்ட மக்கள் ஒரே தெருவில் புழங்கும் ஊரில் வளர்ந்தவருக்கு, எல்லோர் செவிக்கும் எட்டும் பாடல் எது என்பது ஏட்டுக் கேள்வியாக இருந்திருக்க முடியாது. உப்பளக் கணக்கர் பாத்தித் தொழிலாளியின் பேச்சையும் முதலாளியின் பேச்சையும் நாள்தோறும் கேட்க வேண்டியவர். அவர் பின்னாளில் எழுதிய நாடகங்களில் அரசன் விருத்தத்திலும் தோழி சிந்திலும் பாடுவதை இப்பின்புலத்தோடு பொருத்திப் பார்ப்பது தவறாகாது.

தம் 24ஆம் வயதில், அதாவது 1891ஐ ஒட்டி, அவர் நாடகத்துறையில் நுழைந்தார். பம்மல் சம்பந்தனார் சென்னையில் சுகுண விலாச சபையைத் தொடங்கிய ஆண்டும் 1891தான். படித்த நகரத்தாரின் பொழுதுபோக்கு நாடகமும், ஊரூராகச் சென்று பிழைக்கும் தொழில்முறை நாடகமும் ஏறத்தாழ ஒரே காலத்தில் தமக்குரிய ஆசிரியரைப் பெற்றன. பின்வந்த நாடக வரலாறு முதலாவதை உரைநடை நாடகத்தின் தோற்றமாகவும், இரண்டாவதைப் பழம்மரபின் இறுதிக் கட்டமாகவும் எழுதியது. பழமரபு எனப்பட்டது இன்றும் மேடையில் இருக்கிறது என்பதை அவ்வரலாறு போதிய அளவு கணக்கில் கொள்ளவில்லை.

நடிகராக இரணியன், இராவணன், எமன், சனீசுவரன் முதலிய கொடுவேடங்களில் பெயர் பெற்ற சுவாமிகள் பின்னர் நடிப்பைக் கைவிட்டார். புதுக்கோட்டையில் கஞ்சிரா மேதை மான்பூண்டியாப் பிள்ளையின் அன்புக்குரியவராகத் தங்கித் தாள நுட்பங்களில் தேர்ச்சி பெற்றார். தண்டபாணி சுவாமிகளிடம் பெற்ற சந்தமும் மான்பூண்டியாப் பிள்ளையிடம் பெற்ற லயமும் அவர் பாடல்களில் ஒன்றாயின.

கதைப்பாடலிலிருந்து மேடைக்கு

சுவாமிகள் இயற்றியவை ஏறத்தாழ நாற்பது நாடகங்கள் எனப் பொதுவாகக் கணக்கிடுவர். அவற்றுள் இன்றும் மேடையில் நிலைத்தவை எவை என்று நோக்கினால் ஓர் உண்மை புலப்படும். ‘பவளக்கொடி’, ‘அல்லி அர்ஜுனா’, ‘நல்லதங்காள்’, ‘கோவலன்’, ‘சத்தியவான் சாவித்திரி’, ‘வள்ளித் திருமணம்’ என்னும் வரிசையில் பல, மக்களிடையே கதைப்பாடல்களாக முன்னரே வழங்கியவை. அல்லி, பவளக்கொடி ஆகியோரை வியாச பாரதத்தில் காண முடியாது. அவர்கள் தமிழ்ப் பாமர பாரதத்தின் மக்கள். அவர்தம் கதைகள் பெரிய எழுத்துப் பதிப்புகளாகச் சந்தைகளில் விற்றன. அம்மாலைகளுக்குப் புகழேந்திப் புலவரை ஆசிரியராகக் குறிப்பது அச்சகத்தார் வழக்கம். நளவெண்பாப் புகழேந்திக்கும் இவற்றுக்கும் தொடர்பில்லை என்பது ஆய்வுலகம் அறிந்ததே.

இங்கு ஒரு நகைமுரண் தோன்றுகிறது. பொய்யாக ஓர் ஆசிரியர் பெயர் ஏற்றப்பட்ட அல்லியரசாணி மாலையை நாட்டார் வழக்காற்றியல் தயக்கமின்றி ஏற்கிறது. அதே கதையை மேடைக்கு மாற்றிய உண்மை ஆசிரியர் ஒருவரின் பாடல்களை, அவை அதே மக்களால் அதே முறையில் பாடப்பட்டும், ஏற்கத் தயங்குகிறது. பெயர் பொய்யாயின் நாட்டார் இலக்கியம், மெய்யாயின் ஆசிரியர் இலக்கியம் என்பது ஒரு வகைப்பாட்டுக்கு உறுதியான அடித்தளம் ஆகாது.

சுவாமிகள் கதையை மட்டும் மக்களிடமிருந்து பெறவில்லை. வெண்பா, விருத்தம், சந்தம், கீர்த்தனை ஆகியவற்றோடு சிந்து, கும்மி முதலிய மக்கள் வடிவங்களையும் அவர் கையாண்டார். பார்சி நாடகக் குழுக்கள் வழியே பரவிய இந்துஸ்தானி மெட்டுகளையும் விலக்கவில்லை. ஏற்கெனவே செவிக்குப் பழகிய வர்ணமெட்டில் புதிய சொற்களை அமைப்பது அக்கால நாடகப் பாடலின் பொதுவழக்கு. மெட்டு பழையது, சொல் புதியது என்னும் இம்முறையே தாலாட்டிலும் ஒப்பாரியிலும் கும்மியிலும் நிகழ்வது. ஆக, இயற்றும் முறையிலும் அவர் நாட்டார் மரபுக்கு அயலானவர் அல்லர்.

எழுதிய பாடமும் மீறிய நடிகரும்

சுவாமிகளுக்கு முற்பட்ட நாடகமேடையில் பாடல்களே மிகுதி. இடைப்பட்ட பேச்சை நடிகர்கள் தத்தம் போக்கில் அமைத்துக்கொண்டனர். இதற்கு வரம்பு கட்டுவதைச் சுவாமிகள் தம் பணியாகக் கொண்டார். உரையாடலை எழுதிக் கொடுத்தார். பாடலின் இடத்தை வரையறுத்தார். தேர்ந்த நடிகர்கள் பாடத்தை மீறித் தம் போக்கில் பேசுவதும் பாடுவதும் அவருக்கு உவப்பாக இல்லை. 1910இல் சமரச சன்மார்க்க நாடக சபையைத் தோற்றுவித்தார். 1918இல் மதுரையில் தத்துவ மீனலோசனி வித்துவ பால சபை அவரை ஆசிரியராகக் கொண்டு அமைந்தது. சிறுவர்களைச் சேர்த்து, ஒரே இடத்தில் தங்கவைத்து, பாடத்தை எழுத்துப் பிசகாமல் மனனம் செய்விக்கும் பாலர் சபை முறை பாடத்தைக் காக்கும் வழியாக அமைந்தது. அவ்வாண்டில் ஆறு வயதுச் சிறுவராக அச்சபையில் சேர்ந்தவர் தி.க. சண்முகம். அவருக்காகவே ‘அபிமன்யு சுந்தரி’ முழுவதையும் சுவாமிகள் ஒரே இரவில் பாடலும் உரையாடலுமாக எழுதி முடித்த செய்தியை ‘எனது நாடக வாழ்க்கை’யில் சண்முகம் பதிவு செய்துள்ளார்.

பாடத்தைக் காக்க அமைந்த பாலர் சபைகள் நெடுநாள் நிலைக்கவில்லை. திரைப்படம் வந்தது. ‘வள்ளித் திருமணம்’ 1933இலும் ‘பவளக்கொடி’ 1934இலும் படமாயின. பயிற்சி பெற்ற நடிகர்கள் படப்பிடிப்பு நிலையங்களுக்குச் சென்றனர். தி.க.ச. சகோதரர்கள் 1925இல் தொடங்கிய சபை 1950இல் கலைந்தது. அவர்களும் நாளடைவில் சமூக, வரலாற்று நாடகங்களுக்கு மாறியிருந்தனர். சுவாமிகளின் பாடல்களை அடுத்த தலைமுறைக்குக் கொண்டு சேர்த்தவர்கள் வேறு யாருமல்லர். பாடத்தை மீறுகிறார்கள் என அவர் வருந்திய அதே வகைத் தொழில்முறை நடிகர்கள். இன்று ஸ்பெஷல் நாடகம் எனப்படும் மரபு அவர்களுடையது. ஆசிரியர் விரும்பிய வழி அடைபட்டு, விரும்பாத வழியில் அவர் பாடல் வாழ்ந்தது. சுவாமிகள் பற்றிய எந்த மதிப்பீடும் இவ்வுண்மையிலிருந்தே தொடங்க வேண்டும்.

ஒத்திகையற்ற மேடை

ஸ்பெஷல் நாடகத்தின் இயக்கத்தைச் சற்று விரிவாக நோக்குவது தேவை. இதில் நிலையான குழு கிடையாது. ஊர்த் திருவிழாவுக்கு நாடகம் ஏற்பாடு செய்வோர் ராஜபார்ட், ஸ்திரீபார்ட், பபூன், நடனம் ஆகிய வேடக்காரர்களையும் ஆர்மோனியம், மிருதங்கம் முதலிய இசைக்காரர்களையும் தனித்தனியே அமர்த்துகின்றனர். ஒருவர் மதுரையிலிருந்தும் இன்னொருவர் புதுக்கோட்டையிலிருந்தும் வரக்கூடும். நாடக இரவுக்கு முன் அவர்கள் ஒருமுறைகூடச் சந்தித்திராமல் இருக்கலாம். ஒத்திகையோ இயக்குநரோ இல்லை. இரவு பத்து மணியளவில் தொடங்கிப் பொழுது விடியும்வரை நாடகம் நடந்தேறுகிறது. இக்கலைஞர்களின் வாழ்வையும் அவர்கள்மீது சமூகம் சுமத்தும் இழிவையும் சூசன் சைசர் தம் இனவரைவியல் நூலில் (2005) விரிவாக ஆராய்ந்துள்ளார்.

ஒத்திகையின்றி இது எவ்வாறு இயலுகிறது? வேடத்திற்குரிய பாடத்தை ஒவ்வொருவரும் முன்னரே அறிந்திருப்பதால் இயலுகிறது. அப்பாடத்தின் முதுகெலும்பு சுவாமிகளின் பாடல்கள். நாரதர் எப்பாடலோடு நுழைவார், வள்ளி எவ்விடத்தில் மறுமொழி பாடுவாள், வேடன் எந்த அடியில் தர்க்கத்தைத் தொடங்குவான் என்பன எல்லோர்க்கும் பொதுவான அறிவு. பாடலுக்கும் பாடலுக்கும் இடைப்பட்ட தர்க்கத்தை நடிகர்கள் தம் புலமைக்கும் அவையின் சுவைக்கும் ஏற்ப நீட்டுகின்றனர், சுருக்குகின்றனர். ஆர்மோனியக்காரர் பின்பாட்டுப் பாடித் தடுமாறுவோரைத் தாங்கிச் செல்கிறார்.

வாய்மொழிக் காப்பியப் பாடகர் பற்றி ஆல்பர்ட் லார்டு ‘கதைப் பாடகன்’ (1960) என்னும் நூலில் முன்வைத்த கொள்கையும், அதைச் சங்கப் பாடல்களுக்குப் பொருத்திய க. கைலாசபதியின் ஆய்வும் (1968) தமிழ் ஆய்வுலகிற்குப் பழக்கமானவை. மனனம் செய்த பாடத்தை ஒப்பிக்காமல், மரபுத் தொடர்களையும் நிகழ்ச்சிக் கூறுகளையும் கொண்டு பாடகர் மேடையிலேயே பாட்டைப் படைக்கிறார் என்பது அக்கொள்கை. ஸ்பெஷல் நாடக நடிகர் இதனோடு ஒத்தும் வேறுபட்டும் நிற்கிறார். பாடலை மனனமாகப் பெறுகிறார். தர்க்கத்தை மேடையில் படைக்கிறார். மனனப் பாடலும் காலப்போக்கில் தேய்ந்தும் வளர்ந்தும் மாறுகிறது. எழுத்தும் வாய்மொழியும் இவ்வாறு ஒன்றையொன்று தாங்கும் நிலைக்குத் தமிழில் இதனினும் தெளிவான சான்று காண்பது அரிது.

ரோமன் யாக்கப்சனும் பியோத்தர் பகத்திரியோவும் 1929இல் எழுதிய கட்டுரை ஒன்றில் நாட்டார் படைப்பின் பிறப்பை வேறொரு கோணத்தில் விளக்கினர். ஒருவர் ஒன்றைப் படைத்த நொடியில் அது நாட்டார் படைப்பு ஆகிவிடாது. சமூகம் அதை ஏற்று, வேண்டாதவற்றைக் கழித்து, வேண்டியவற்றை நிறுத்திய பின்னரே நாட்டார் படைப்பாகப் பிறக்கிறது என்பது அவர்கள் கருத்து. முதலில் இயற்றியவர் யார் என்பதைவிட, ஏற்றுக்கொண்ட சமூகம் அதை என்ன செய்தது என்பதே இங்கு முதன்மை பெறும். ஜெர்மனியில் ஜான் மையர் 1906ஆம் ஆண்டிலேயே புலவர் இயற்றிய பாடல்கள் மக்கள் வாயில் வழங்கும் முறையைத் தனி ஆய்வுப் பொருளாக்கினார். இவ்வளவைகளால் அளந்தால் சுவாமிகளின் நாற்பது நாடகங்களும் நாட்டார் வழக்காறு ஆகா. மேடை ஏற்று நிறுத்திய சில நாடகங்களின் பாடல்களே ஆகும். ஷேக்ஸ்பியரைத் தழுவி அவர் எழுதியவற்றை ஊர்த் திருவிழா நிறுத்திக்கொள்ளவில்லை. வள்ளியையும் பவளக்கொடியையும் நிறுத்திக்கொண்டது. இந்தத் தேர்வே சமூகத்தின் தணிக்கை.

தினைப்புனத்தில் நுழைந்த தேசியம்

சமூகம் ஒரு பாடத்தைத் தனதாக்கிக்கொண்டதற்குச் சிறந்த சான்று விடுதலைப் போராட்டக் காலத்து ‘வள்ளித் திருமணம்’. நாடகங்களைத் தடைசெய்ய 1876ஆம் ஆண்டுச் சட்டம் அரசுக்கு அதிகாரம் அளித்திருந்தது. புராணக் கதைக்கோ எளிதில் தடை வராது. தியாகி எஸ்.எஸ். விஸ்வநாததாஸ் (1886-1940) முருகனாக மேடையேறி, அதே நாடகத்துக்குள் தேசியப் பாடல்களைப் பாடினார். வள்ளி தினைப்புனத்தில் பறவை ஓட்டும் காட்சி வெள்ளையரைக் கொக்காக உருவகித்துப் பாடுவதற்கு இடமாயிற்று. இவ்வகைப் பாடல்களை இயற்றியவர்களுள் மதுரை பாஸ்கரதாஸ் முதன்மையானவர். விஸ்வநாததாஸ் பலமுறை சிறை சென்றார். 1940 டிசம்பர் 31 அன்று சென்னை மேடையில் முருகன் வேடத்திலேயே உயிர் நீத்தார்.

இதில் மூவர் பங்கு உண்டு. காட்சியை அமைத்தவர் சுவாமிகள். புதிய பாடலைத் தந்தவர் பாஸ்கரதாஸ். அதைக் காட்சிக்குள் பொருத்திச் சிறைக்குச் சென்றவர் விஸ்வநாததாஸ். ‘வள்ளித் திருமணம்’ என்னும் அச்சு நூலை மட்டும் கையில் வைத்துக்கொண்டு இம்மூவரின் கூட்டுப் படைப்பைப் படிக்க முடியாது. பதிப்பாசிரியர் ஒருவர் மூலபாடத்தை நிறுவ முயன்றால் பாஸ்கரதாஸின் பாடலை இடைச்செருகல் என்றே நீக்க நேரும். தமிழ்நாட்டு அரசியல் வரலாற்றில் அந்நாடகத்தின் மிகப் பொருள்செறிந்த தருணம் அந்த இடைச்செருகலே.

மறுப்புகளும் விடைகளும்

இக்கருத்துக்கு மூன்று மறுப்புகள் எழலாம். முதலாவது, சுவாமிகள் இலக்கணம் கற்ற புலவர். அவர் பாடல்களில் செவ்விலக்கியச் சாயலும் இராகச் செறிவும் மிகுதி. எனவே அவற்றை நாட்டார் பாடல் என்பது பொருந்தாது என்பது. அரிமளம் சு. பத்மநாபன் போன்றோர் அவர் பாடல்களின் இசைக்கூறுகளை நுணுகி ஆராய்ந்து அச்செறிவைப் புலப்படுத்தியுள்ளனர். ஆயினும், மூலத்தின் செறிவு பயன்பாட்டின் தன்மையைத் தீர்மானிப்பதில்லை. அண்ணாமலை ரெட்டியாரின் காவடிச்சிந்து இலக்கியமாகவும் இருக்கிறது. காவடி எடுப்போரின் பாட்டாகவும் இருக்கிறது. ஒரு பாடல் இரண்டு வாழ்க்கை வாழக்கூடும்.

இரண்டாவது மறுப்பு இன்னும் வலுவானது. நாட்டார் பாடல் என்று சொல்லிவிட்டால் ஆசிரியர் பெயர் மறையாதா? தொழில்முறை நாடகத்தாரை இழித்துப் பேசிய காலத்தில் போராடிப் பெற்ற பெயர் அது. 1967இல் அவருடைய நூற்றாண்டையொட்டி மதுரை தமுக்கத்தில் சிலை எழுப்பியவர்களும், புதுச்சேரிப் பல்கலைக்கழக நாடகப் பள்ளிக்கு அவர் பெயரைச் சூட்டியவர்களும் அப்பெயரைக் காத்துள்ளனர். இந்த அச்சம் நியாயமானது. இதற்கு விடை, பெயரின்மை என்னும் நிபந்தனையை வகைப்பாட்டிலிருந்து நீக்குவதே. பெயரை அழித்துப் பாடலை ஏற்கத் தேவையில்லை. பெயரோடு ஏற்கலாம். சங்கரதாஸ் சுவாமிகளின் பெயரோடு, அப்பாடலை அவ்வடிவில் பாடிய நடிகரின் பெயரையும் சேர்த்துப் பதியலாம்.

மூன்றாவது, இன்றைய ஸ்பெஷல் நாடகத்தில் திரைப்பாடலும் இரட்டைப் பொருள் நகைச்சுவையும் புகுந்து மரபு சீர்கெட்டுவிட்டது. அதைப் பதிவு செய்வதால் பயன் இல்லை என்பது. தூய்மை தேடும் இப்பார்வையால்தான் பல மரபுகள் பதிவின்றி மறைந்தன. பபூன் காட்சியில் திரைப்பாடல் ஒலிக்கும் அதே மேடையில், நள்ளிரவுக்குப் பின், நூறாண்டுப் பழமையுடைய தர்க்கப்பாட்டு தொடங்குகிறது. இரண்டையும் கேட்கும் அவை ஒன்றே. எது எப்போது எதற்கு இடம் கொடுக்கிறது என்பதே ஆய்வாளர் அறிய வேண்டியது.

செய்யத்தக்கவை

கதைப்பாடல்களை நா. வானமாமலை 1970களின் தொடக்கத்தில் மதுரைப் பல்கலைக்கழகத்தின் வழியே பதிப்பித்தது தமிழாய்வில் ஒரு திருப்பம். கட்டபொம்முவும் முத்துப்பட்டனும் பல்கலைக்கழகத்தின் மதிப்புக்குரிய பாடங்களாயினர். சுவாமிகளின் மேடைப் பாடங்களுக்கும் அத்தகைய பணி தேவைப்படுகிறது. அதற்கு உகந்த முறை பல்பாடப் பதிப்பு. ஒரு பக்கத்தில் அச்சிலோ கையெழுத்திலோ கிடைக்கும் சுவாமிகளின் பாடம். எதிர்ப்பக்கத்தில் வெவ்வேறு வட்டார மேடைகளில் பதிவான பாடங்கள். ஒவ்வொன்றுக்கும் பாடியவர், ஊர், நாள், ஆர்மோனியக்காரர் என்னும் குறிப்புகள். வேறுபட்ட சொற்களை அடிக்குறிப்பில் ஒடுக்காமல் இணையான பாடமாகக் காட்டுவது இப்பதிப்பின் அடிப்படை நெறியாக வேண்டும்.

இதற்கு மூன்று வகை மூலங்கள் உண்டு. முதலாவது, நடிகர்கள் தம் ஆசிரியரிடமிருந்து படியெடுத்த கையெழுத்துக் குறிப்பேடுகள். ஏட்டுச்சுவடிக்குக் காட்டும் அக்கறையில் ஒரு பகுதியேனும் இவற்றுக்கு வேண்டும். இரண்டாவது, இசைத்தட்டுகளிலும் ஒலிநாடாக்களிலும் பதிவான நாடகப் பாடல்கள். மூன்றாவது, இன்று நடைபெறும் நாடகங்களின் முழு இரவுப் பதிவு. ஒரே நாடகத்தின் ஒரே காட்சியை மதுரை, புதுக்கோட்டை வட்டாரங்களில் பதிந்து ஒப்பிட்டாலே பாடம் எவ்வாறு இடம்பெயர்கிறது, எவ்வடிகள் எங்கும் மாறாமல் நிற்கின்றன என்பது புலனாகும். மாறாத அடிகளுக்கும் சந்தக் கட்டமைப்புக்கும் உள்ள தொடர்பு தனி ஆய்வேட்டுக்கு உரிய பொருள்.

பாடத்திட்டத்திலும் மாற்றம் வேண்டும். நாட்டார் வழக்காற்றியல் தாளில் கதைப்பாடலுக்கு அடுத்து ஸ்பெஷல் நாடகப் பாடல் இடம்பெற வேண்டும். அதைக் கற்பிக்கக் கலைஞர்களை அழைக்கும்போது, வழக்கமான பாராட்டுச் சால்வையோடு நில்லாமல், வருகைதரு ஆசிரியருக்குரிய மதிப்பும் ஊதியமும் அளிக்கப்பெற வேண்டும். பாடத்தை அறிந்தவர் அவரே. ஆய்வாளர் கற்க வந்தவர்.

நிறைவாக

முத்துக்குளித்துறையில் 1961க்குப் பின் பெருஞ்சலாபம் நிகழவில்லை. தொழில் நின்றபின் தொழிற்பாடல் நினைவில் மட்டுமே எஞ்சும். நினைவுடையோர் மறையும்போது அதுவும் மறையும். அதே கடற்கரை தந்த நாடகப் பாடல்களின் நிலை அவ்வளவுக்கு வரவில்லை. தை முதல் ஆவணி வரையிலான திருவிழாக் காலத்தில் இன்றும் ஊர்ப் பொட்டல்களில் வள்ளி தினைப்புனம் காக்கிறாள், நாரதர் வருகிறார், பாட்டு எழுகிறது. பாடுவோர் இருக்கும்போதே பதிவு செய்யும் வாய்ப்பு ஆய்வுலகிற்கு எல்லா மரபுகளிலும் கிட்டுவதில்லை.

வாழ்வின் இறுதிக் காலத்தில் சுவாமிகள் பக்கவாதத்தால் பேச்சிழந்தார். 1922 நவம்பர் 13 அன்று புதுச்சேரியில் மறைந்தார். அவர் குரல் ஓய்ந்தபின் பாடலைத் தாங்கியவை பெயர் அறியப்படாத பல நூறு நடிகர்களின் குரல்கள். நாட்டார் பாடலில் ஆசிரியர் பெயர் தெரியவில்லை என்று துறை இதுவரை வருந்தியது. இங்கு ஆசிரியர் பெயர் தெரிகிறது. பாடியோர் பெயரே பதியப்படவில்லை. அப்பெயர்களை எழுதத் தொடங்குவதே தமிழாய்வு சுவாமிகளுக்கும் அவருடைய மேடைக்கும் ஆற்ற வேண்டிய முதற்கடன்.